டிசம்பரில் பிறந்த பையன் எந்த வயதுப் பிரிவில் விளையாட வேண்டும்?

உங்கள் மகனுக்கு வரும் டிசம்பர் கடைசியில் 12 வயது முடிகிறது. கால்பந்து அகாடமியில் அவனை 13 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்திருக்கிறார்கள். பந்தைக் கையாள்வதில் கெட்டிக்காரன் என்று பயிற்சியாளரே சொல்கிறார். ஆனாலும் போட்டி நாளில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருக்கிறான். எதிரணிப் பையன்கள் அவனைவிட ஒரு தலை உயரம். 11 வயதுப் பிரிவுக்கு இறக்க வழியுண்டா, அதற்காக உறவினர் சொல்வதுபோல் பிறந்த தேதியைத் தள்ளிப்போட்டுச் சான்றிதழ் வாங்குவதோ ஒரு வருடம் அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பதோ சரியா, இல்லையென்றால் கால்பந்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பையனிடம் திறமை இல்லையா, அல்லது உடம்பு இன்னும் வளரவில்லையா? அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிரிவைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டி வரை பள்ளிக் கால்பந்து அணிகளை அழைத்துச் சென்றிருக்கிறேன். மருத்துவர் அல்ல. எனவே உடல் வளர்ச்சி பற்றி இங்கே சொல்வது, ஒரு பயிற்சியாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான்.

முதலில் தேதிக் கணக்கு. கால்பந்தில் பெரும்பாலும் ஜனவரி 1 தான் எல்லைத் தேதி. உங்கள் அகாடமியைப் போல 11, 13, 15 என்று இரண்டிரண்டு ஆண்டாகப் பிரிக்கும் இடத்தில், 13 வயதுப் பிரிவில் இந்த ஆண்டு 12 முடிப்பவர்களும் 13 முடிப்பவர்களும் சேர்ந்து ஆடுவார்கள். இந்த ஆண்டு ஜனவரியிலேயே 13 முடித்துவிட்ட பையனும் அதே அணியில் இருப்பான். டிசம்பர் கடைசியில் 12 முடிக்கப்போகும் உங்கள் பையனும் இருப்பான். இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. இந்தப் பிரிவில் அவனைவிடச் சின்னவன் யாரும் இருக்க வழியே இல்லை. வெளியே உட்கார்ந்திருப்பதற்கான காரணத்தில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அவன் இதே பிரிவின் இரண்டாம் ஆண்டுக்காரன். கீழேயிருந்து ஏறி வரும் புதிய பையன்கள் எல்லோரும் அவனைவிட இளையவர்கள். அதற்கடுத்த ஆண்டு 15 வயதுப் பிரிவுக்குப் போகும்போது மறுபடி கடைக்குட்டி. ஓராண்டு கஷ்டம், ஓராண்டு சற்று இளைப்பாறல் என்று இப்படித்தான் அவனுக்கு மாறி மாறி வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பதற வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. '13 வயதுக்குட்பட்டோர்' என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில அறிவிப்புகளில் ஜனவரி 1 அன்று 13 முடிந்திருக்கக் கூடாது என்று இருக்கும். சிலவற்றில் அதே ஆண்டின் டிசம்பர் 31 அன்று முடிந்திருக்கக் கூடாது என்று இருக்கும். ஒரே பெயர், ஓராண்டு வித்தியாசம். இன்ன தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் என்ற வரி சுற்றறிக்கையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். கிரிக்கெட்டில் எல்லை செப்டம்பர் 1. ஆகவே இரண்டு விளையாட்டும் ஆடும் பிள்ளை ஒன்றில் மூத்தவனாகவும் மற்றதில் இளையவனாகவும் இருப்பது உண்டு.

எல்லைத் தேதிக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கிடைக்கும் இந்த லாப நஷ்டம் உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயம். 1980களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அரிதாக இருந்தார்கள். பிறகு பல நாடுகளில் கால்பந்திலும் இதையே கண்டார்கள். மாதத்துக்கு எந்த மகிமையும் இல்லை என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே சிறுவர் கால்பந்தின் எல்லை செப்டம்பர் 1 ஆக இருந்ததால் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள் அகாடமிகளில் நிறைந்திருந்தார்கள். எல்லை எங்கே விழுகிறதோ அதை ஒட்டிப் பிறந்தவன் சற்றுப் பெரியவனாக இருக்கிறான்; பெரியவன் தேர்வு முகாமில் கண்ணில் படுகிறான்; தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் நிறைய ஆட்டங்களும் கிடைக்கின்றன; இரண்டு ஆண்டு கழித்து அவன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரனாகிவிடுகிறான். தேர்வாகாதவன் ஒன்பதாம் வகுப்புக்கு வருமுன் விளையாட்டை விட்டுவிடுகிறான். என் பணிக்காலம் முழுவதும் என்னை வருத்திய விஷயம் இது. திறமை இருந்தும் விட்டுப்போன பையன்களை எந்த ஆசிரியரும் ஓரிருவராவது சொல்வார்.

பிறந்த தேதி ஒரு பாதிதான். மறுபாதி, உடம்பு எப்போது வளரத் தொடங்குகிறது என்பது. பெண் குழந்தைகளுக்கு வளர்ச்சியின் உச்சம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது. பையன்களுக்கு 14ஐ ஒட்டி. சராசரி அது. ஒரு பையனுக்கு 12லேயே வரும், இன்னொருவனுக்கு 15 தாண்டி வரும், இருவருமே ஆரோக்கியமானவர்கள். ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு முதிர்ச்சியில் மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம் இருப்பதுகூட இயல்பின் எல்லைக்குள்தான் அடங்கும். எனவே ஜனவரியில் பிறந்து தாமதமாக வளரும் பையன், டிசம்பரில் பிறந்து சீக்கிரம் வளரும் பையனைவிடச் சிறியவனாக இருக்கலாம். உங்கள் மகனுக்கு இரண்டு பாதகமும் சேர்ந்திருக்கிறதா, பிறந்த தேதி மட்டும்தானா என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. ஒரே சுவரில், காலை எழுந்தவுடன், காலணி இல்லாமல், தலைமேல் தட்டையான அட்டையோ புத்தகமோ வைத்து உயரத்தைக் குறித்துவையுங்கள். மாலையில் அளந்தால் சற்றுக் குறைவாக வரும்; ஆகவே எப்போதும் காலையிலேயே அளங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வளர்ச்சி வேகம் பிடிப்பதற்கு முன் பையன்கள் ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். வேகம் பிடித்தபின் உச்சத்தில் அது 9, 10 வரை போகும். அவனுடைய கணக்கு இன்னும் 5இல் நின்றால், ஒரு தலை உயரமாகத் தெரியும் அந்தப் பையன்கள் ஏற்கெனவே ஓடிவிட்ட வளர்ச்சியை அவன் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். நீங்கள் இருவரும் எப்போது உயர்ந்தீர்கள் என்பதும் உதவும். அப்பா பத்தாம் வகுப்புக்குப் பிறகுதான் நெடுநெடுவென்று வளர்ந்தார் என்றால் பையனும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தாலோ, 14 முடிந்தும் பருவ மாற்றத்தின் அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் பயிற்சியாளரின் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை.

இனி உறவினரின் யோசனை. நான் பூசி மெழுக விரும்பவில்லை: பிறந்த தேதியை மாற்றாதீர்கள். பிடிபடுவான் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இலேயே தேசிய நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. கிரிக்கெட் வாரியம் இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேவை வைத்து எலும்பு வயது பார்க்கிறது. ஃபிஃபா 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டிகளில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் எலும்பின் முதிர்ச்சியைத்தான் காட்டுகின்றன. பிறந்த நாளைக் காட்டுவதில்லை. தாமதமாக வளரும் பையன் பொய்த் தேதியுடன்கூடத் தேறிவிடலாம். உண்மைச் சான்றிதழுடன் வந்து, சீக்கிரம் வளர்ந்துவிட்ட ஒரே காரணத்தால் வெளியேற்றப்படும் பையனும் இருப்பான். இந்தக் குறையை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல நான் விரும்பவில்லை.

மாற்றாதீர்கள் என்று சொல்வதற்கு என் காரணங்கள் வேறு. 11 வயதுப் பிரிவில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் இடம், அங்கே கடைக்குட்டியாகப் போராடிக்கொண்டிருக்கும் இன்னொரு டிசம்பர் பையனுடையது. உங்கள் மகனுக்கு இழைக்கப்படுவதாக நீங்கள் வருந்தும் அதே அநியாயம் அவனுக்கு நேரும். அடுத்து, சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு, நாளை பாஸ்போர்ட் என்று ஒரு பொய்யை எல்லாக் காகிதங்களிலும் காலத்துக்கும் காக்க வேண்டியிருக்கும். அதைவிட, பையன் தன் வயதை யாராவது கேட்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லப் பழகுவான். ஒரு காலத்தில் ஊர்ப்பக்கம் பிள்ளையைச் சேர்க்க வரும்போது தேதி தெரியாமல், தலைமை ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அது அறியாமையில் நடந்தது. மருத்துவமனையில் பிறந்து முறையாகப் பதிவான பிள்ளைக்கு இன்று அதைச் செய்வது மோசடி.

ஒரு வருடம் அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பதால் விளையாட்டில் ஒரு பயனும் இல்லை. பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்ற பிரிவுகள் பிறந்த தேதியை வைத்தவை. வகுப்பை வைத்தவை அல்ல. ஓர் ஆண்டுப் படிப்புதான் வீணாகும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? அதிகாரப்பூர்வப் போட்டியில் அவன் 13 வயதுப் பிரிவில்தான் ஆட முடியும். ஆனால் பயிற்சியில் அந்தக் கட்டாயம் இல்லை. பயிற்சியாளரிடம் போய், வாரத்தில் ஒரு நாள் 11 வயதுக்காரர்களுடன் ஆட வைக்க முடியுமா, அங்கே நடுக்களத்தில் பொறுப்பான இடம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரியவர்களுடன் ஆடும்போது அவன் பந்து வந்தவுடன் தட்டிவிட்டுத் தப்பிப்பதையே கற்றுக்கொள்வான், வேறு வழியில்லை. தன் அளவுப் பையன்களுடன் ஆடும்போதுதான் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கவும், ஒருவனைத் தாண்டிப் போகவும், அணியை நடத்தவும் தைரியம் வரும். இரண்டுமே அவனுக்குத் தேவை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் இதை முறைப்படி செய்து பார்த்திருக்கின்றன. 11 முதல் 14 வயது வரையிலான பையன்களில், வளர்ந்து முடிக்கும் உயரத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எட்டியவர்களை மட்டும் பிறந்த ஆண்டு பாராமல் ஒன்றாகச் சேர்த்துப் போட்டி நடத்தினார்கள். தாமதமாக வளர்பவர்கள் முன்னுக்கு வந்து ஆட்டத்தை நடத்தினார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள் உடல்பலம் எடுபடாமல் நுணுக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. இரு தரப்புமே பயன்பட்டதாகச் சொன்னார்கள். பெல்ஜியம் கால்பந்துச் சங்கம் தாமத வளர்ச்சிக்காரர்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்திருக்கிறது. இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். பையனின் உயரம், எடை, பெற்றோர் உயரம் ஆகியவற்றிலிருந்து கடைசி உயரத்தைக் கணிக்கும் காமிஸ்-ரோச் என்ற முறை 1994 முதல் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க வெள்ளையினக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து உருவானது. நம் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டுப் பார்த்து, வரும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோராயமாக எங்கே நிற்கிறான் என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. எந்த அளவுப் பந்து? ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம். நான்காம் எண் அதைவிடச் சிறியது, இலேசானது. பக்கத்துக்கு எத்தனை பேர்? 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள பெரியவர்களின் கோல் கம்பத்தில், பக்கத்துக்குப் பதினோரு பேராகச் சின்னப் பையன்களை ஆட விட்டால் உயரமாகத் தூக்கி உதைப்பவன்தான் ஜெயிப்பான். உங்கள் மகனைப் போன்றவனுக்குப் பந்தே வராது. ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டம் நடத்தும் இடமாக இருந்தால் அதே வயதுப் பிரிவே அவனுக்குப் பொருத்தமாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, போட்டியில் எத்தனை நிமிடம் களத்தில் இருப்பான் என்று கேளுங்கள். இந்த வயதில் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது என் கருத்து. கோப்பைக்காகப் பன்னிரண்டு வயதுப் பையனை ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார வைக்கும் அகாடமி, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அவனுக்கு ஏற்ற இடமல்ல. பக்கத்துத் தெருவில் சிறிய குழுவாக இருந்து தினமும் ஆட விட்டால் அங்கே சேர்த்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான கேள்வியும் எனக்கு அடிக்கடி வரும்: நன்றாக ஆடுகிறான், மேல் பிரிவுக்கு ஏற்றலாமா? பெற்றோர்கள் குகேஷைச் சொல்வார்கள், டெண்டுல்கரைச் சொல்வார்கள். குகேஷ் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டரானார்; ஆனால் சதுரங்கத்தில் யாரும் யார்மீதும் மோதுவதில்லை. டெண்டுல்கர் 1989இல் 16 வயதில் டெஸ்ட் ஆடினார். கோடியில் ஒருவரை வைத்து நம் பிள்ளைக்குத் திட்டம் போடக் கூடாது. உடம்பு வளர்ந்து, தன் பிரிவில் எல்லோரையும் எளிதாகத் தாண்டுபவனைப் பயிற்சியில் மேலே ஏற்றுவது நல்லது, ஏனென்றால் பலத்தை மட்டும் நம்பி ஜெயிக்கும் பழக்கம் 16 வயதில் மற்றவர்களும் வளர்ந்து சமமானதும் அவனைக் கைவிட்டுவிடும். பெண் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 11 வயதில் சீக்கிரம் உயர்ந்து எல்லாப் பதக்கமும் வாங்கிய பெண், 14இல் உடல் மாறும்போது ஓட்ட நேரம் முன்னேறாமல் அப்படியே நின்றுவிடுவதைக் கண்டு தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வாள். அது சோம்பலால் வருவதல்ல என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

உறுதியில்லாத ஒன்றும் இருக்கிறது. கடைக்குட்டியாக இருந்து தாக்குப்பிடித்தவர்கள் பிற்காலத்தில் மற்றவர்களை முந்துகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. தேர்வாகி உள்ளே இருக்கும் டிசம்பர்க்காரர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவானவர்களில் மேலே போனவர்களின் விகிதம் மட்டும் அதிகம் என்பதுதான் அதன் பொருள். வழியில் உதிர்ந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. கஷ்டப்பட்டால் கெட்டிப்படுவான் என்று இதை வைத்து யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால் நம்பிவிடாதீர்கள்.

வளர்ச்சி வேகம் பிடிக்கும் மாதங்களில் குதிகாலிலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்திலோ வலிக்கிறது என்பான். பெரும்பாலும் தசைநாண் எலும்பின் வளரும் பகுதியை இழுப்பதால் வருவது அது. குதிப்பதையும் முழு வேக ஓட்டத்தையும் சில வாரம் குறைத்தால் அடங்கும். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலியோடு ஆடினால்தான் வீரன் என்று யாரும் அவனிடம் சொல்ல விடாதீர்கள்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். அடுத்த ஆண்டு பிரிவின் மூத்த பாதியில் இருப்பான், அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம். நான் அஞ்சுவது அதற்குப் பிறகு வரும் இடத்தைத்தான். பள்ளிப் போட்டிகளில் 14 வயதுப் பிரிவு முடிந்தவுடன் அடுத்தது 17. மூன்று ஆண்டு இடைவெளி. அப்போதுதான் வளரத் தொடங்கும் பையன், மீசை முளைத்த பதினொன்றாம் வகுப்பு மாணவர்களோடு மோத வேண்டும். தமிழ்நாட்டில் நல்ல ஆட்டக்காரர்கள் அதிகம் உதிரும் வருடம் அதுவென்பது என் அனுபவம். அந்த ஆண்டு பள்ளி அணியில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் அகாடமியின் 15 வயதுப் பிரிவில் ஆடிக்கொண்டே இருக்கும்படி இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் நேரத்தைத் தீர்மானிக்கும்போது வாரத்தில் மூன்று மாலைகளை மைதானத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் டியூஷனை வையுங்கள். பயிற்சியாளர் என்ன சொன்னார், உயரக் கணக்கு என்ன வந்தது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.